வளாகத்தில் நிறவெறி: புகாரைத் தாக்குப்பிடிக்கும்படி எழுதுவது எப்படி

நிறவெறிப் புகார் ஒன்று விசாரணைக் குழுவின் மேசைக்கு வந்து சேர்வதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். சொன்னவர் "அப்படிச் சொன்னதாக நினைவில்லை" என்பார். பக்கத்தில் இருந்தவர்கள் தேர்வு, வேலை, விடுமுறை என்று கலைந்திருப்பார்கள். குழுவின் முன்னால் மிஞ்சுவது காகிதம்தான். அதில் என்ன இருக்கும் என்பது பெரும்பாலும் சம்பவம் நடந்த அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டி பாதிக்கு மேல் எழுதுவதைப் பற்றியே பேசுகிறது.

உடல்ரீதியான தாக்குதலோ மிரட்டலோ இருந்தால் வரிசை வேறு: முதலில் பாதுகாப்பான இடம், பிறகு மருத்துவர், காவல்துறை, அதன் பிறகே பல்கலைக்கழகம். காயங்களை அன்றே படம் எடுங்கள். மருத்துவக் குறிப்பில் காயம் எப்படி ஏற்பட்டது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அன்றிரவு எழுத வேண்டியது

24 மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். நன்றாக எழுத வேண்டும் என்ற கவலை வேண்டாம்; முழுமையாக இருந்தால் போதும். நாள், கிழமை, நேரம், இடம், யார் எங்கே நின்றார்கள், அதற்கு முன் என்ன பேச்சு நடந்தது, சொன்ன வார்த்தை, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், பிறகு என்ன ஆனது.

"ஆய்வக உதவியாளர் என்னிடம் நிறவெறியோடு நடந்துகொண்டார்" என்று எழுதினால் அது தீர்ப்பு. தீர்ப்பு சொல்வது குழுவின் வேலை, உங்கள் வேலை இல்லை. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், மாலை 3.20 இருக்கும். வேதியியல் ஆய்வகம், ஜன்னலோர மேசை. தராசைக் கேட்டேன். 'உங்க ஆளுங்க கை வச்சா எதுவும் உருப்படாது' என்றார். எனக்கு இடப்பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் சிரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சோதனையை முடிக்காமல் 3.30க்கு வெளியே வந்தேன்."

வசவை எந்த மொழியில் சொன்னார்களோ அதே மொழியில், அப்படியே எழுதுங்கள். கூச்சப்பட்டுப் புள்ளி வைத்து மறைத்தால், பின்னால் "வேறு வார்த்தை சொன்னேன்" என்று எதிர்த்தரப்பு நழுவ அதுவே இடமாகும். சரியாக நினைவில்லாத சொல்லுக்கு "ஏறத்தாழ இப்படி" என்று குறித்துவிடுங்கள். ஓரிடத்தில் ஐயத்தை ஒப்புக்கொண்டவரின் மற்ற வரிகளைக் குழு கூடுதலாக நம்பும். நீங்கள் பதிலுக்கு ஏதாவது கடுமையாகச் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்து, எதிர்த்தரப்பின் வாயிலாக அது வெளியே வந்தால் மொத்தப் புகாரும் ஆட்டம் காணும்.

எழுதியதை உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும். பல்கலைக்கழகம் தந்த முகவரிக்கு வேண்டாம், சொந்த முகவரிக்கு அனுப்புங்கள். படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படலாம், அதன் சாவியும் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. மறுநாள் வேறு ஏதாவது நினைவுக்கு வந்தால் பழைய குறிப்பைத் திருத்தாதீர்கள். புதுத் தேதியோடு தனிக் குறிப்பாகச் சேருங்கள்.

ஸ்கிரீன்ஷாட், ஒலிப்பதிவு, கேமரா

வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி என்றால், கோபத்தில் குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவர் பெயர் அல்லது எண், தேதி, முன்னும் பின்னும் உள்ள செய்திகள் எல்லாம் தெரிய வேண்டும். ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்த படம்தான் அதிகம் கேள்விக்குள்ளாகும்; "அது கிண்டலுக்குப் பதில் கிண்டல்" என்று சொல்லிவிடுவார்கள். பழைய செய்தியிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டே திரையை வீடியோவாகவும் பதிவு செய்வது நல்லது. சமூக ஊடகப் பதிவு என்றால் அதன் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பில் வட்டமோ அம்புக்குறியோ போடாதீர்கள். போட வேண்டுமென்றால் நகலில் போடுங்கள்.

ஒலிப்பதிவில் அவசரம் ஆகாது. அமெரிக்காவையே எடுத்துக்கொண்டால், நியூயார்க்கில் உரையாடலில் பங்கேற்கும் ஒருவரின் சம்மதம் போதும், அதாவது நீங்களே பதிவு செய்யலாம். கலிஃபோர்னியாவில் தனிப்பட்ட உரையாடலுக்கு எல்லாருடைய சம்மதமும் வேண்டும், மீறுவது குற்றம். உங்கள் இடத்துச் சட்டம் தெரியாதவரை பதிவு செய்யாமல், உரையாடல் முடிந்த உடனே எழுதிவையுங்கள்.

கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பல இடங்களில் சில வாரங்களிலேயே அழித்து மேலெழுதிவிடுகிறார்கள். ஆகவே முறைப்படி புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்பே, பாதுகாப்புப் பிரிவுக்கு இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதி, இன்ன வாசல், இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரையிலான பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும். பதிவை இப்போது கேட்க வேண்டாம், பாதுகாக்கச் சொன்னால் போதும்.

ஒரே சம்பவமாக இல்லாதபோது

வளாகத்தில் நடப்பதில் பெரும்பகுதி வெளிப்படையான வசவு கிடையாது. குழுவேலைக்கு யாரும் சேர்த்துக்கொள்ளாமை, ஓராண்டு ஆகியும் பெயரைத் தப்பாகவே அழைப்பது, "உன் ஆங்கிலம் பரவாயில்லையே" என்ற பாராட்டு, ஒரே தோற்றமுள்ள மாணவரிடம் மட்டும் அடையாள அட்டை கேட்கும் காவலர். இவற்றை அமெரிக்க மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் நுண்தாக்குதல்கள் என்று அழைத்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். அடுக்கிப் பார்த்தால்தான் உருவம் தெரியும்.

இதற்கு ஓர் எளிய அட்டவணை போதும்: தேதி, இடம், நடந்தது, யார் பார்த்தார்கள், யாரிடம் சொன்னேன், அவர் என்ன செய்தார். கடைசி இரண்டு நெடுவரிசைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிர்வாகத்துக்குத் தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை என்று காட்ட அவைதான் உதவும்.

இன்னொன்றும் வேண்டும், ஒப்பீடு. அதே நிலையில் இருந்த வேறு ஒருவர் எப்படி நடத்தப்பட்டார்? காவலர் ஐந்து நாளும் உங்களை நிறுத்தினார் என்பது பாதிக் கதை. அதே நேரத்தில் அதே வாசலில் அட்டை இல்லாமல் போன மற்றவர்களை நிறுத்தவில்லை என்பதுதான் பாகுபாட்டைக் காட்டும் பகுதி. ஒப்பீடு இல்லாத புகாருக்கு "அவர் எல்லாரிடமும் அப்படித்தான்" என்ற ஒரு வரியே பதிலாக வந்து நிற்கும்.

மதிப்பெண் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். "என் கட்டுரைக்கு இதைவிட அதிகம் தந்திருக்க வேண்டும்" என்று வாதிட்டால் தோற்பீர்கள். கல்விசார் தீர்ப்பில் வெளியார் தலையிடுவதில்லை என்பது பரவலான வழக்கம். இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகங்கள் மீதான மாணவர் புகார்களை விசாரிக்கும் சுயேச்சைத் தீர்வாளர் அலுவலகம் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நடைமுறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அறிவித்த மதிப்பீட்டு அளவுகோல் உங்களுக்கு மட்டும் மாற்றப்பட்டதா, இரண்டாவது திருத்துநர் பார்க்க வேண்டிய தாளை ஒருவரே பார்த்தாரா, மற்றவர்களுக்குக் கிடைத்த கால நீட்டிப்பு உங்களுக்கு மறுக்கப்பட்டதா. மதிப்பெண் மேல்முறையீட்டுக்கான கெடு பொதுவாக மிகக் குறுகியது. பாகுபாட்டுப் புகார் முடியட்டும் என்று காத்திருந்தால் அது கைவிட்டுப் போய்விடும். இரண்டையும் தனித்தனியாக, ஒரே சமயத்தில் போடுங்கள்.

யாரிடம் சொல்கிறோம்

மனம்விட்டுப் பேசுவது வேறு, முறைப்படி புகார் கொடுப்பது வேறு. பலர் பிடித்த பேராசிரியர் ஒருவரிடம் அழுதுவிட்டு வந்து, புகார் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எந்தக் கோப்பிலும் எதுவும் இருக்காது. நேர்மாறாகவும் நடக்கும்: தங்கள் காதுக்கு வந்ததை மேலே தெரிவிக்கக் கடமைப்பட்ட ஊழியர்கள் உண்டு, நீங்கள் வேண்டாம் என்றாலும் அவர்கள் தெரிவித்தாக வேண்டும். ஆகவே வாயைத் திறக்கும் முன் கேட்டுவிடுங்கள்: "நான் சொல்வதை நீங்கள் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியுமா, இல்லை மேலே சொல்லியாக வேண்டுமா?" உளவள ஆலோசகர்கள் பெரும்பாலும் ரகசியம் காக்கக் கூடியவர்கள்.

பெயர் சொல்லாமல் புகாரளிக்கும் இணையப் படிவம் இருந்தால், அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். அது கணக்கெடுப்புக்கு உதவும். யார் மீதும் நடவடிக்கை எடுக்க அது போதாது, ஏனென்றால் பதில் சொல்லும் உரிமை எதிர்த்தரப்புக்கும் உண்டு.

பேசித் தீர்க்கலாம் என்ற யோசனை சக மாணவர்களுக்கு இடையே, ஒரு முறை நடந்த சம்பவத்தில் வேலை செய்யும். உங்கள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய மேற்பார்வையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அது சமரசப் பேச்சு ஆகாது. மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஒத்துக்கொண்டாலும், "இது பலிக்காவிட்டால் முறையான புகாருக்கான என் உரிமை அப்படியே இருக்கிறது" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புகார்க் கடிதம்

இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். வலியை விளக்கிப் பன்னிரண்டு பக்கம் எழுதியதை யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள். படித்தவர்கள் தங்களுக்கு வசதியான வரியை உருவிக்கொள்வார்கள்.

முதல் பத்தியில் நீங்கள் யார், யார் மீது புகார், பல்கலைக்கழகத்தின் எந்தக் கொள்கையின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிடுவதில் ஒரு லாபம் உண்டு: அந்தப் பிரிவுக்கென்று கெடுவும் நடைமுறையும் இருக்கும், அவற்றுக்கு நிர்வாகம் கட்டுப்பட்டாக வேண்டும். அடுத்து நிகழ்வுகள், தேதி வரிசையில், எண்ணிட்டு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே ஆதார எண். பிறகு விளைவு: தவறிய வகுப்புகள், மாற்றிய விடுதி அறை, மருத்துவரைப் பார்த்தது. கடைசியில் நீங்கள் கேட்பது.

இந்தக் கடைசிப் பகுதிதான் பெரும்பாலான கடிதங்களில் இல்லவே இல்லை. "நீதி வேண்டும்" என்று முடித்தால், "சம்பந்தப்பட்டவரிடம் பேசிவிட்டோம்" என்று பதில் வரும், கோப்பும் மூடப்படும். கேட்பதைப் பிரித்து எழுதுங்கள். உடனடியாக வேண்டியது: தொடர்புத் தடை, வேறு ஆய்வகக் குழு, தேர்வுக் கால நீட்டிப்பு, வேறு திருத்துநர். விசாரணை முடிவில் வேண்டியது: எழுத்துவழி மன்னிப்பு, ஒழுங்கு நடவடிக்கை, தாள் மறுதிருத்தம், நடைமுறை மாற்றம். உடனடி ஏற்பாடு என்ற பெயரில் இடம் மாற வேண்டியவர் நீங்களாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புகார் கொடுத்தவரையே வேறு விடுதிக்கும் வேறு பிரிவுக்கும் தள்ளிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது, அதனால் அடிக்கடி நடக்கிறது.

மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் விசாரணை அலுவலர் யார் என்பதையும் கேளுங்கள். அதன்பின் நேரிலோ தொலைபேசியிலோ நடக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் அன்று மாலையே ஒரு மடல்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. தவறு இருந்தால் திருத்தவும்." பதில் வராவிட்டாலும் அது ஆவணம்தான்.

விசாரணை அறையில்

துணைக்கு ஒருவரை அழைத்துப்போக முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மாணவர் சங்கத்தில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். பேச வேண்டியது நீங்கள், குறிப்பெடுப்பது அவர்.

கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: "அவர் புண்படுத்தும் நோக்கத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறீர்களா?" இதற்குப் பதில் சொல்லப்போய், இன்னொருவர் மனத்துக்குள் இருந்ததை நிரூபிக்கும் வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் துன்புறுத்தலை வரையறுக்கும்போது நோக்கம் அல்லது விளைவு, இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்கிறது. ஆனால் அந்த விளைவை அந்தச் சூழலில் ஒருவர் உணர்வது நியாயமானதா என்றும் பார்க்கும். எனவே பதில் இப்படி இருக்கலாம்: "அவர் நோக்கம் எனக்குத் தெரியாது. சொன்னது இது, அதன் பிறகு நடந்தது இது."

குழு எடுத்த குறிப்பின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால், தனிநபர் தரவு உரிமைச் சட்டம் உள்ள நாடுகளில் இன்னொரு வாசல் இருக்கிறது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உங்களைப் பற்றிய தரவைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கல்விப் பதிவுகளைப் பார்வையிட அனுமதிக்க 45 நாள் உச்சவரம்பு. துறைக்குள் உங்களைப் பற்றி ஓடிய மின்னஞ்சல்கள் இப்படி வெளியே வந்து வழக்கின் போக்கையே மாற்றுவது உண்டு.

வெளியே போகும் கெடு

உள் விசாரணை இழுத்துக்கொண்டே போகும். வெளியமைப்பின் கடிகாரம் அதற்காக நின்று காத்திருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் இனம், நிறம், தேசியப் பூர்வீகம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு தடைசெய்கிறது. கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்கப் பொதுவான கெடு சம்பவத்திலிருந்து 180 நாள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்நடைமுறை முடிந்ததற்கான கடிதம் கிடைத்த 12 மாதத்துக்குள் சுயேச்சைத் தீர்வாளரிடம் போகலாம். நீதிமன்றத்துக்கு அடிப்படைக் கெடு சம்பவத்திலிருந்து 6 மாதம்தான். கடிதம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தே நீதிமன்ற வழியை இழந்தவர்கள் உண்டு. நீதிமன்றக் கெடுவைச் சம்பவம் நடந்த அன்றும், தீர்வாளர் கெடுவைக் கடிதம் வந்த அன்றும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் வாய் திறக்காமல் இருக்க முதல் காரணம் விசா பயம். புகார் கொடுப்பதாலேயே மாணவர் விசா பறிபோய்விடாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: மன அழுத்தம் தாங்காமல் பாடங்களைக் கைவிடுவது. அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவில் முழுப் பாடச்சுமையைக் குறைக்க, பல்கலைக்கழகத்தின் நியமிக்கப்பட்ட அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். விடுப்போ பாடக் குறைப்போ, முதலில் அந்த அலுவலகம், பிறகுதான் படிவம்.

புகாருக்குப் பிறகு திடீரென்று பரிந்துரைக் கடிதம் மறுக்கப்பட்டால், ஆய்வகக் கூட்டத்துக்கு அழைப்பு நின்றால், அதைத் தனி நிகழ்வாகப் பதிவு செய்யுங்கள். பழிவாங்கல் தனிக் குற்றச்சாட்டு. மூலப் புகார் நிரூபணமாகாவிட்டாலும் இது நிற்கலாம்.

பக்கத்தில் நின்றவர்கள்

தடுத்துப் பேசத் துணிவு இல்லாவிட்டாலும் செய்ய நிறைய இருக்கிறது. பேச்சைத் திசை திருப்பலாம். குறிவைக்கப்பட்டவரிடம் போய் "வகுப்புக்கு நேரமாச்சு, வா" என்றால் போதும். பொறுப்பில் இருப்பவரை அழைக்கலாம். நேரடியாகச் சொல்வதானால் ஒரே வாக்கியம், தணிந்த குரலில்: "அப்படிப் பேசாதீங்க." விவாதத்தில் இறங்காதீர்கள், கூட்டம் கூடினால் பாதிக்கப்பட்டவர்தான் காட்சிப்பொருள் ஆவார்.

பிறகு அவரிடம் "நான் பார்த்தேன். என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். அவர் சம்மதமில்லாமல் வீடியோவைப் பரப்ப வேண்டாம். உங்கள் சாட்சியத்தையும் அன்றிரவே எழுதுங்கள், ஆனால் தனியாக. நான்கு நண்பர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே வாக்கியங்களில் எழுதிய நான்கு சாட்சியங்கள் ஒன்றுக்குக்கூடச் சமமாகாது. சின்ன முரண்கள் இருக்கட்டும், அவை இயல்பு.

நம்மவர் கூடும் மாணவர் குழுக்களும் இதில் விதிவிலக்கு இல்லை. தோல் நிறத்தை வைத்துக் கிண்டல், குடும்பப் பெயரைத் துருவிச் சாதியைக் கண்டுபிடிப்பது, ஆப்பிரிக்க மாணவரோடு அறையைப் பகிர மறுப்பது, எல்லாம் வளாகத்துக்குள்ளும் வருகின்றன. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் தன் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் சேர்த்தது. உங்கள் பல்கலைக்கழகக் கொள்கையில் அந்தச் சொல் இல்லாவிட்டால் "வம்சாவளி" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இனப்பாகுபாடு ஒழிப்புக்கான ஐ.நா. உடன்படிக்கையில் உள்ள அந்தச் சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002இல் விளக்கியிருக்கிறது.

பாடம் நடத்துபவர்களுக்கு

ஆண்டுக்கொரு முறை பண்பாட்டு விழா நடத்தி, ஆளுக்கொரு உடையும் உணவுமாகப் படம் எடுத்துக்கொள்வதால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. வேற்றுக் குழுவினரிடையே தொடர்பு எப்போது பயன்தரும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் நான்கு நிபந்தனைகள் சொன்னார்: சமமான நிலை, பொதுவான குறிக்கோள், ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. விழாவில் இவற்றில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

வகுப்பறையில் நான்கையும் கொண்டுவர முடியும். சமூக உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள்; பாடத்தை அத்தனை துண்டாக்கி ஆளுக்கு ஒன்று. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் தனியே கூடி அதைத் தெளிவாக்கிக்கொள்கிறார்கள், பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்றுத்தருகிறார்கள். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் தேர்வு எழுத முடியாது. இரண்டு விஷயங்களில் இது சொதப்பும். குழுவை மாணவர்களே பிரித்துக்கொள்ள விட்டால் பழைய கூட்டங்களே திரும்ப உருவாகும், ஆகவே நீங்களே பிரியுங்கள். முழுக் குழுவுக்கும் ஒரே மதிப்பெண் என்றால் மொழி தடுமாறும் மாணவர் மீது எரிச்சல் கூடும், ஆகவே தேர்வு தனித்தனியாக இருக்கட்டும்.

மற்றவை சின்ன வேலைகள். விடைத்தாளைப் பெயர் மறைத்துத் திருத்துங்கள். முதல் வாரமே பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு உங்கள் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். "உங்கள் சமூகத்தில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?" என்று ஒரே ஒரு மாணவரை அவருடைய இனம் முழுமைக்கும் பிரதிநிதியாக்காதீர்கள். வகுப்பில் யாராவது இழிவாகப் பேசினால் அங்கேயே, அப்போதே ஒரு வரி சொல்லுங்கள். பிறகு தனியாகக் கண்டித்தால் குறிவைக்கப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது.

மாணவர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் ஆண்டுதோறும் நான்கு எண்களைக் கேளுங்கள்: எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முறையான விசாரணைக்குப் போயின, எத்தனை நிரூபணமாயின, சராசரியாக எத்தனை நாள் ஆயின. பெயர்கள் தேவையில்லை. பூஜ்யம் என்று பதில் வந்தால் பாராட்டுக் கடிதம் எழுதிவிடாதீர்கள். புகார்ப் படிவம் இணையதளத்தில் எத்தனை சொடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.